ஒரே ஓடை, இரண்டு பீப்பாய்

செய்தி வந்தபோது என் வாயில் பிப்பெட் இருந்தது. மாதிரிச் செய்முறைத் தேர்வு நடந்துகொண்டிருந்தது. ஒரு மாணவிக்கு அமிலத்தைக் கோடு வரை உறிஞ்சி நிறுத்தத் தெரியவில்லை. பொறுமை இழந்து நானே வாங்கி உறிஞ்சிக் காட்டிக்கொண்டிருந்தேன். அட்டெண்டர் சுப்பையா உள்ளே வராமல் வாசலிலேயே நின்று, "அம்மா, மீன் சார் போயிட்டாரும்மா" என்றார். பிப்பெட்டை எடுத்துவிட்டு, "எங்க போயிட்டாரு? மத்தியானம் அவருக்கு ஹால் டியூட்டி இருக்கு, ஞாபகம் இருக்கா இல்லையா அந்த மனுஷனுக்கு?" என்று எரிந்து விழுந்தேன். சுப்பையா தலையைக் குனிந்துகொண்டார். "காலையில பஸ் ஸ்டாண்டுல நெஞ்சப் புடிச்சுக்கிட்டு உக்காந்தாராம். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோறதுக்குள்ள முடிஞ்சிருச்சும்மா."

நான் கடைசியாக அவரைப் பற்றிச் சொன்ன வாக்கியம் ஒரு வசவு. எனக்கு அது பொருத்தம்தான்.

அன்று மாலையே அவரைத் தூத்துக்குடிக்குத் தெற்கே உள்ள அவருடைய கடற்கரை ஊருக்குக் கொண்டுபோய்விட்டார்கள். மறுவாரம் கல்லூரியில் இரங்கல் கூட்டம். பேசச் சொன்னார்கள், மறுத்துவிட்டேன். அழுதுவிடுவேன் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள். காரணம் அதில்லை. மேடையில் ஐந்து நிமிடத்தில் சொல்ல முடியாத ஒன்று என்னிடம் இருந்தது. எழுதித் தருகிறேன், கல்லூரி மலரில் போடுங்கள் என்றேன்.

மீன் சார் என்று எல்லோரும் கூப்பிட்ட விலங்கியல் துறை சூசைமாணிக்கம் சாரை அறிந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். பதினேழு வருஷம் போடியில் பாடம் நடத்தியவர், கடைசிவரை முனைவர் பட்டம் வாங்கவில்லை. அவருக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்கள் இரண்டு பேர் துறைத் தலைவர்களாகி, அவருக்கு டைம்டேபிள் போட்டுக் கொடுத்தார்கள். ஏன் வாங்கவில்லை என்பதற்கு உங்களிடம் பல கதைகள் உண்டு. சோம்பேறி என்றார்கள், பல்கலைக்கழகத்தில் யாரையோ அடிக்கப் போனார் என்றார்கள், எழுதியது காப்பி என்றுகூட ஒரு புண்ணியவான் சொல்லக் கேட்டேன். இவற்றில் ஒன்றுகூட உண்மை இல்லை. உண்மை எனக்குத் தெரியும். அதில் என் பங்கும் உண்டு.

அவரை நான் முதலில் பார்த்தது மதுரையிலிருந்து போடிக்கு வரும் பஸ்ஸில். மடியில் அகலமான அலுமினியப் பாத்திரம் ஒன்று. அதற்குள் கையை விட்டு ஓயாமல் தண்ணீரை அளைந்துகொண்டே இருந்தார். சட்டை முன்பக்கம் முழுதும் நனைந்திருந்தது. கண்டக்டர் வந்து, "என்னண்ணே அது, கஞ்சியா?" என்றார். "மடவைக் குஞ்சு. கைய எடுத்தா மூச்சு முட்டிச் செத்துரும்" என்றார் அவர். கண்டக்டர் எட்டிப் பார்த்தார். விரல் நகம் அளவு மீன்கள் நூற்றுக்கணக்கில். "கடல் மீனையா போடிக்குக் கொண்டு போறீக? அங்க என்ன சோலி இதுக்கு?" என்று கேட்டுவிட்டு, ஆண்டிபட்டி தாண்டியதும் "தள்ளுங்க, உங்க கை ஓஞ்சு போயிரும்" என்று கண்டக்டரே பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அளைந்தார். பின்னால் இருந்த ஒரு பெரியவரும் முறை எடுத்துக்கொண்டார். தேனி வந்தபோது பாதி பஸ் அந்த மீன்களுக்காகக் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது. எங்கள் கல்லூரிக்குப் புதிதாக வந்திருந்த விலங்கியல் ஆசிரியர் அவர்தான் என்று மறுநாள் ஸ்டாஃப் ரூமில் தெரிந்தது.

"கடல்ல செய்ய வேண்டிய ஆராய்ச்சியை ஏலக்கா மலைக்குக் கீழ வந்து செய்யிற ஆளை இப்பத்தான் பாக்குறேன்" என்றேன். நான் ராசிங்காபுரத்துக்காரி, மனதில் பட்டதைக் கேட்டுவிடுவேன். அவர் கோபப்படவில்லை. "கடலோரத்துல இருந்தா காத்துலயும் உப்பு, கெணத்துலயும் உப்புக்கா. இங்க நான் போட்டாத்தான் உப்பு. உங்க குரங்கணி ஓடைத் தண்ணி மாதிரி ஒண்ணுமே கலக்காத தண்ணி எனக்கு எங்க கிடைக்கும், சொல்லுங்க?" என்றார். முதல் நாளே அக்கா என்றுவிட்டார். நான் கடைசிவரை சார் என்றுதான் கூப்பிட்டேன்.

அவருடைய கேள்வி எளிமையானது. மடவை கடலில் முட்டையிடும் மீன். குஞ்சுகள் கரைக்கு வருகின்றன. சில ஆற்று முகத்துவாரத்தில் தங்குகின்றன. மழைக்காலத்தில் அங்கே தண்ணீர் கிட்டத்தட்ட நல்ல தண்ணீராகிவிடும். சில உப்பளக் கால்வாய்களில் தங்குகின்றன. கோடையில் அங்கே கடலைவிட உப்பு ஏறும். இரண்டு இடத்திலும் மீன் உயிரோடுதான் இருக்கிறது. அந்தத் தாங்கும் சக்தி, இருக்கிற இடத்தில் பழகிப் பழகி வந்ததா, இல்லை தலைமுறை தலைமுறையாக ரத்தத்தில் இறங்கி இரண்டும் இரண்டு வம்சமாகவே ஆகிவிட்டதா? "பழக்கமா, பெறப்பா? அவ்வளவுதான்க்கா" என்பார். கடலில் எல்லாம் கலந்து முட்டையிடுகின்றன, எனவே வம்சம் பிரிய வழியில்லை என்று புத்தகங்கள் சொல்லின. வலை வீசிப் பிழைத்த அவருடைய தகப்பனார் அதை ஒத்துக்கொள்ளவில்லையாம். "எங்க ஐயா கையில எடுத்துப் பாத்தே இது அளத்து மடவை, இது ஆத்து மடவைன்னு சொல்லிருவாரு. ரெண்டும் வேற சாதிங்காரு. புத்தகம் பெருசா, எங்க ஐயா பெருசான்னு பாத்திரணும்."

பதினேழு வருஷம் போடியில் இருந்தும் அவர் பேச்சில் ‘சொல்லுதேன், பாக்கேன்’ போகவில்லை. "உங்க ‘சொல்லுதேன்’ பழக்கமா பெறப்பா சார்?" என்று நான் சீண்டுவேன். "அதுக்குத் தனியா ஒரு தொட்டி கட்டணும்" என்று சிரிப்பார்.

இடம் கொடுத்தது என் அண்ணன். குரங்கணிக்குப் போகும் ரோட்டில் ஓடையை ஒட்டி எங்களுக்கு, காய் உலர்த்துகிற பழைய ஏலக்காய் ஸ்டோர் ஒன்று இருந்தது; புதியது மேலே தோட்டத்திலேயே கட்டிவிட்டதால் சும்மா கிடந்தது. அதற்குள் சிமெண்டுத் தொட்டிகள் கட்டினார். ஒரு கோடியில் அளத்து மடவைகள், மறு கோடியில் ஆற்று மடவைகள். நகம் அளவில் வந்த நாளிலிருந்து இரண்டு கூட்டத்துக்கும் ஒரே உப்புத் தண்ணீர், ஒரே தவிடு, ஒரே பிண்ணாக்கு. ஒரு வருஷத்துக்கு மேல் அப்படி வளர்த்தால் பழைய இடத்துப் பழக்கம் போய்விடும். அதன்பிறகும் வித்தியாசம் நின்றால் அது பிறப்பு. பிறகு வாரம் வாரமாக உப்பைக் குறைத்து, கடைசியில் வெறும் ஓடைத் தண்ணீரில் விட்டு, எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

கடல் தண்ணீர் உப்பு லாரியில் வந்தது. அதற்கு என் வேதியியல் துறையிலிருந்து ஆசிட் வரும் பெரிய கண்ணாடி ஜாடிகளைக் கொடுத்தேன். ஒவ்வொன்றையும் பன்னிரண்டு தடவை நானே கழுவினேன்; அமிலத்தின் வாடைகூட இல்லை என்று சோதித்துத்தான் தந்தேன். அவ்வளவு கெட்டிக்காரி நான்! ஓடைத் தண்ணீரைப் பிடித்து வைக்க அண்ணன் இரண்டு மரப்பீப்பாய்களை மேலேயிருந்து ஜீப்பில் இறக்கிக் கொடுத்தார். கோடிக்கு ஒன்றாக வைத்தார்கள். அவற்றை நான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. தண்ணீரில் கடினத்தன்மையும் உப்பும் எவ்வளவு என்று மாதம் ஒருமுறை சோதித்துக் கொடுத்தேன். அவர் கேட்டது அது இரண்டும்தான்.

முதல் தடவை எதிலும் ஒன்றும் தெளிவாகவில்லை. காற்றுக் குழாய்க்குக் கரண்ட் இல்லாமல் பாதி மீன் செத்தது. இரண்டாம் தடவை குஞ்சு சரியில்லை. பல்கலைக்கழகம் இரண்டு முறை காலம் நீட்டித்தது. மூன்றாம் முறை கிடையாது என்று எழுதிவிட்டது. ஜூன் முப்பதுக்குள் ஆய்வேடு போய்ச் சேரவில்லை என்றால் பதிவு ரத்து. அந்தக் கடைசி வருஷத்தில்தான் மீன்கள் பதில் சொன்னன. உப்பு பாதியாகக் குறைந்த வாரம் அளத்து மடவைகள் மிதக்கத் தொடங்கின. இன்னும் குறைக்கக் குறைக்க இன்னும் செத்தன. கடைசியில் ஓடைத் தண்ணீரில் ஒன்றும் மிஞ்சவில்லை. மறு கோடியில் ஆற்று மடவைகள் கொழுத்துத் திரிந்தன.

அவர் சைக்கிளில் என் வீட்டுக்கே வந்துவிட்டார். பங்குனி வெயில், வேர்த்துக் கொட்டுகிறது. வாசலிலேயே நின்று, "எங்க ஐயா ஜெயிச்சுட்டாருக்கா" என்றார். கண் கலங்கியிருந்தது. உள்ளே வந்து மோர் குடியுங்கள் என்றால் காதில் விழவில்லை. அவர் மாணவர்களுக்கு ஓயாமல் சொல்லும் வாக்கியம் உங்களுக்கு நினைவிருக்கும்: "பிடிச்ச பதில் வந்தா இன்னொரு தரம் எண்ணு." அன்று அவரே அதை மறந்துவிட்டார். எனக்கும் நினைவு வரவில்லை. அந்த முகத்தைப் பார்த்துவிட்டு யாருக்கு வரும்?

மே மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அண்ணனைப் பார்க்க மேலே தோட்டத்துக்குப் போனேன். மழை இறங்குவதற்கு முன் ஏலச்செடிக்கு மருந்தடிக்கும் நேரம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கரைத்து, அழுகல் வராமல் அடிப்பார்கள். துத்தம் செம்பு உப்பு, இரும்பைத் தின்றுவிடும் என்பதால் மரப்பீப்பாயில்தான் கரைப்பது. ஒவ்வொரு பீப்பாயின் வயிற்றிலும் சுண்ணாம்பால் பட்டையாக ஒரு கோடு இருந்தது. எத்தனையோ வருஷம் பார்த்த கோடுதான். அன்றைக்கு ஏனோ கேட்டேன். கங்காணி முத்துக்கருப்பன் சொன்னார்: "கோடு போட்ட பீப்பாயில யாரும் குடிக்கத் தண்ணி புடிக்கக் கூடாது ஆத்தா. வெள்ளம் எடுக்குறதுக்கு வேற பீப்பாய் இருக்குல்ல." மலையில் இருந்து இருந்து அவருக்குத் தண்ணீர் வெள்ளமாகியிருந்தது. பிறகு பெருமையாகச் சேர்த்துக்கொண்டார். "காலேஜ் சாருக்குக் குடுத்ததுல ஒண்ணு கோட்டுப் பீப்பாய்தான். நல்லது ஒண்ணுதான் சும்மா இருந்துச்சு. வாத்தியாருக்குக் கோடு போட்ட பீப்பாயக் குடுத்தா மரியாதையா? நாந்தான் சாம்பலும் புளியும் போட்டுத் தேச்சு, கோட்ட எடுத்து, புதுசு மாதிரி ஆக்கி அனுப்புனேன். வெரசா வேணுமின்னாரு மொதலாளி, ரெண்டு நாள் அதே சோலிதான்."

 எது எந்தக் கோடிக்குப் போனது என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஸ்டோருக்குப் போய், சார் வகுப்பில் இருக்கும் நேரமாகப் பார்த்து, அளத்து மடவைக் கோடியில் இருந்த பீப்பாயின் உட்புறத்தில் ஒரு சிம்பு சீவி எடுத்தேன். மறு பீப்பாயிலும் ஒன்று. மரம் பார்க்கப் பளிச்சென்றுதான் இருந்தது. ஆய்வகத்தில் பர்னரை ஏற்றி ஒவ்வொன்றாகக் காட்டினேன். இரண்டாவது வெறும் விறகாக எரிந்தது. முதலாவது பச்சையாக எரிந்தது. செம்புக்கு வருகிற அந்தப் பச்சையை நான் வருஷா வருஷம் முதலாமாண்டு மாணவர்களுக்குக் காட்டுகிறவள். எத்தனை தேய்த்தால் என்ன, மரம் குடித்த துத்தம் மரத்துக்குள்ளேயே இருந்திருக்கிறது. ஓடைத் தண்ணீர் அதைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்து வெளியே விட்டிருக்கிறது. மனிதருக்கு அந்த அளவு ஒன்றும் செய்யாது. மீனின் செவுளுக்கு அது விஷம். அதுவும் உப்பு இருக்கும்வரை வேகம் குறைவு, உப்பு குறையக் குறைய வேகம் கூடும். உப்பைத் தாங்க முடியாமல் அல்ல, உப்பு இல்லாததைத் தாங்க முடியாமலும் அல்ல, எங்கள் வீட்டுப் பீப்பாயால் செத்தன அந்த மீன்கள்.

அன்று ஜூன் மாதம் பிறக்கவில்லை. கெடுவுக்கு முழுசாக ஒரு மாதம் இருந்தது. அதைக் கவனித்துக்கொள்ளுங்கள்.

நான் நேராக விலங்கியல் துறைக்குப் போயிருக்க வேண்டும். அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அப்போது கல்லூரி நிர்வாகக் குழுவில் இருந்தார். ஆய்வேட்டின் நன்றியுரையில் அவர் பெயர்தான் முதலில் டைப் ஆகியிருந்தது; வருகிறவர் போகிறவரிடமெல்லாம் அதைச் சொல்லிக்கொண்டிருந்தார். சொன்னதைக் கேட்டுவிட்டு வெற்றிலையைக் கீழே வைத்தார். "மீனு எதுல செத்தா என்ன தாயி? அந்தாளு டாக்டராகட்டும். நீ வாயத் தொறந்தேன்னு வையி, அவன் பொழப்பும் போச்சு, ஊருக்குள்ள நம்ம பேரும் போச்சு. வெசப் பீப்பாயக் குடுத்து வாத்தியாரக் கெடுத்தாய்ங்கன்னு காலத்துக்கும் பேசுவாய்ங்க."

"அது பொய்யில்லையாண்ணே?"

"நீயா பொய் சொன்ன? உன்னைய யாராச்சும் கேட்டாங்களா? கேக்காததுக்குப் பதில் சொல்லாதே."

என்னைக் கோபக்காரி, எதையும் முகத்துக்கு நேரே சொல்கிறவள் என்று நீங்கள் எல்லோரும் நம்புகிறீர்கள். அன்று நான் எதுவும் பேசாமல் எழுந்து வந்தேன். அண்ணனுக்குப் பயந்தேன் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அந்த மனிதர் எட்டு வருஷமாகத் தவித்தவர், பட்டம் கிடைக்கட்டும், நாம் ஏன் கெடுக்க வேண்டும் என்று எனக்கே நான் கருணை வேஷம் போட்டுக் காட்டினேன். அந்த வேஷம் நன்றாகப் பொருந்தியது.

பிறகு வந்த நாட்களை எப்படிச் சொல்வது? தினமும் டைப்பிஸ்டிடமிருந்து நாலு பக்கம், ஐந்து பக்கமாக வாங்கிக்கொண்டு ஸ்டாஃப் ரூமுக்கு வருவார். "அக்கா, இந்தப் பத்தியை வாசியுங்க, இங்கிலீசு சரியா இருக்கா?" என்பார். வாசிப்பேன். பரம்பரையாக வந்த தகவமைப்பு என்று அதில் இருக்கும். சரியாக இருக்கிறது சார் என்பேன். ஒருநாள் டீயில் சர்க்கரை இல்லை என்று சுப்பையாவிடம் கத்தினேன்.  "உங்களுக்கு ரத்த அழுத்தம் இருக்கு, டாக்டரப் பாருங்க" என்று சார் எனக்கு அக்கறையாகச் சொன்னார். சொல்லிவிடலாம் என்று எழுந்து, அவர் வகுப்பறை வாசல்வரை போய்த் திரும்பியது மூன்று முறை.

பதினெட்டாம் நாள் அவர் ஒரு தாளோடு வந்தார். ஆய்வேட்டின் பின்னிணைப்பு, தண்ணீர்ச் சோதனை அட்டவணை. கடினத்தன்மை, உப்பு, இரண்டு பீப்பாய்க்கும் ஒரே எண்கள். அடியில் என் பெயர் டைப் அடித்து, மேலே கோடு விட்டிருந்தது. "கையெழுத்துப் போட்டுத் தாங்கக்கா. நாளைக்குப் பைண்டிங்குக்குப் போகுது."

அந்தத் தாளில் பொய் எதுவும் இல்லை. கடினத்தன்மை நான் சோதித்ததுதான். உப்பு நான் சோதித்ததுதான். கையெழுத்துப் போட்டால் யாரும் என்னைக் குற்றம் சொல்ல முடியாது. பேனாவைத் திறந்தேன். என் பெயரின் முதல் எழுத்தைக்கூட எழுதிவிட்டேன். அதற்கு மேல் கை ஓடவில்லை.

"சார், அந்தக் கோடிப் பீப்பாய் துத்தம் கரைச்ச பீப்பாய்" என்றேன்.

அவருக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கியதும் உட்கார்ந்துவிட்டார். சிம்பை எரித்ததைச் சொன்னேன். முத்துக்கருப்பன் தேய்த்ததைச் சொன்னேன். ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே கேட்டார். முடித்ததும், "எப்பப் பாத்தீங்க?" என்றார்.

"நேத்து" என்றேன்.

அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வந்தது.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஸ்டோரில் இருந்தோம். பிழைத்திருந்த ஆற்று மடவைகளில் பன்னிரண்டை எடுத்தார். ஆறு மீன் கோட்டுப் பீப்பாய்த் தண்ணீரில். ஆறு மீன் மற்றதில். வெறும் ஓடைத் தண்ணீரில் மாதக்கணக்கில் சுகமாக இருந்த மீன்கள் அவை. பீப்பாய்தான் காரணம் என்றால் முதல் ஆறும் செத்தாக வேண்டும். அவை பிழைத்தால் அவருடைய ஆய்வு பிழைக்கும். நானும் அவரும் ஆளுக்கொரு கவிழ்த்த கூடையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தோம். பத்து மணிவரை ஒன்றும் ஆகவில்லை. நான் சாமியெல்லாம் கும்பிட்டேன்; எதற்கென்று எனக்கே தெரியவில்லை. பதினோரு மணிக்கு ஒரு மீன் தண்ணீரின் மேல்மட்டத்துக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடியது. "எடுத்துருங்க சார், அதான் தெரிஞ்சுருச்சே" என்றேன். "இல்லக்கா, ஒண்ணு தற்செயலாக்கூட இருக்கும்" என்றார். மத்தியானம் மூன்று மல்லாந்தன. சாயங்காலத்துக்குள் ஆறும் போய்விட்டன. மற்ற தொட்டியில் ஆறும் தவிடு தின்றுகொண்டிருந்தன.

செத்த மீன்களை வரிசையாகத் தட்டில் வைத்து, எடை போட்டு, நோட்டில் எழுதினார்.  எழுதி முடித்துவிட்டு, "செத்ததத்தான் மொதல்ல எண்ணணும்" என்று, வகுப்பில் சொல்வதுபோலவே சொன்னார். பிறகுதான் முகத்தைத் துண்டால் பொத்திக்கொண்டார்.

நான் அழித்தது என்ன என்பது மறுநாள்தான் எனக்கு உறைத்தது. காலண்டரை எடுத்து வைத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தார். கையிருப்பாக ஒவ்வொரு கூட்டத்திலும் இருபது மீன் உப்புத் தொட்டியில் இருந்தன. அவற்றை நல்ல பீப்பாய்த் தண்ணீரில் படிப்படியாக இறக்க, எவ்வளவு அவசரப்படுத்தினாலும் இருபத்தொரு நாள் வேண்டும். கெடுவுக்கு இருந்தது பதினொரு நாள். "மே மாசக் கடைசியிலயே தெரிஞ்சிருந்தா முடிச்சிருப்பேன்க்கா. பதில் எதுவா இருந்தாலும் எழுதிக் குடுத்திருப்பேன். ஒரு மாசம் போதும்" என்றார். என் முகத்தில் என்ன பார்த்தாரோ, உடனே, "நேத்து முந்தாநாள் தெரிஞ்சதுக்கு நீங்க என்ன செய்ய முடியும்? விடுங்க" என்று எனக்குச் சமாதானம் சொன்னார். எனக்கு!

மீன்களை இறக்கினார். கெடு கடந்துபோனது, பதிவு ரத்தான கடிதம் வந்தது. அதைப் படித்து மடித்து நோட்டுக்குள் வைத்துவிட்டுத் தொட்டிக்குத் தவிடு போடப் போனார். இருபத்தொன்றாம் நாள் அளத்து மடவை இருபதும், ஆற்று மடவை இருபதும் வெறும் ஓடைத் தண்ணீரில் நீந்திக்கொண்டிருந்தன. எது எதுவென்று பிரித்தறிய முடியவில்லை. "புத்தகம் ஜெயிச்சிருச்சு போல" என்றேன். "இந்த மீன்ல, இந்தத் தொட்டியில, என் கண்ணுக்கு வித்தியாசம் தெரியல. அவ்வளவுதான் சொல்லலாம். எங்க ஐயாட்ட சொல்லணும், பாவம்" என்றார். சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்க்க என்னால் முடியவில்லை. ஓடைப் பக்கம் போய் நின்றேன்.

பீப்பாய் யாருடையது என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. முத்துக்கருப்பனுக்கு இன்றுவரை தெரியாது. சார் மேலே தோட்டத்துக்குப் போகும்போதெல்லாம் "உங்க பீப்பாய் அம்சமா இருக்கு அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு வருவாராம். ஆய்வேட்டைத் தராததற்குக் காரணம் கேட்டு வழிகாட்டிப் பேராசிரியர் எழுதியபோது, அவர் நான்கு பக்கக் கடிதம் எழுதினார். பீப்பாயைச் சோதிக்காதது முழுக்கத் தன் பிழை என்று எழுதினார். அதன் கார்பன் நகல் ஒன்றை எனக்குக் கொடுத்தார். கடைசிப் பக்கத்தில் இப்படி இருந்தது: "இப்பிழையைக் கண்டறிந்த சக ஆசிரியை, கண்ட மறுநாளே, தமக்கு வரக்கூடிய சங்கடத்தைப் பொருட்படுத்தாமல் என்னிடம் தெரிவித்தார். அவருடைய நேர்மைக்கு நான் என்றும் கடமைப்பட்டவன்."

"இந்த வரி வேண்டாம் சார்" என்றேன்.

"ஏன்க்கா? நடந்ததத்தான எழுதியிருக்கேன்?"

சொல்லியிருக்க வேண்டிய இடம் அது. "சும்மாதான், எதுக்கு அதெல்லாம்" என்றேன். கடிதம் தபாலில் போய்விட்டது.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒரே ஸ்டாஃப் ரூமில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தோம். என் மகள் கல்யாணத்துக்கு வந்து பந்தி பரிமாறினார். புதிதாக வரும் ஆசிரியர்களிடம் என்னைக் காட்டி, "அக்காட்ட கேளுங்க, உள்ளதைச் சொல்லுவாங்க" என்பார். ஒவ்வொரு தடவையும் எனக்கு எதையாவது எடுத்து உடைக்கத் தோன்றும். அவர் வாங்காத பட்டத்தைப் பற்றி யாராவது கிண்டல் செய்தால் அவர்களோடு சண்டைக்குப் போனேன். அதைப் பார்த்து நல்ல சிநேகிதி என்றீர்கள்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியிருப்பது அந்தக் கார்பன் நகல் ஒன்றுதான். நேற்று அதை எடுத்து, ‘கண்ட மறுநாளே’ என்பதை அடித்துவிட்டு, மேலே ‘கண்ட பதினெட்டாம் நாள்’ என்று எழுதி, பக்கத்தில் என் முழுக் கையெழுத்தையும் போட்டேன். அதற்கடுத்த, என் நேர்மையைச் சொல்லும் வரியின் மேலும் பேனாவைக் கொண்டுபோனேன். அது அவருடைய வரி. அடிப்பதா விடுவதா என்று அவரைத்தான் கேட்க வேண்டும்.